ரைட் என்ற கட்டளை

பண்டாரவளைக் கடைவீதியில், மாடியிலிருந்த அந்தக் கூடத்தில் விசைப்பலகைகளின் சத்தம் மட்டுமே கேட்கும். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளர் அட்டைகளைப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொம்பியூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேலை நேரத்தில் பேசக் கூடாது. பேசியவர்கள் சிலர் வேலையை இழந்திருந்தார்கள்.

எல்லாத் திரைகளும் ஒரே லினக்ஸ் சேர்வரில், அதாவது ஒரே மையக் கணினியில், இணைந்திருந்தன. அதைக் கவனித்துக்கொண்டவள் சிவசக்தி, ஹாலிஎலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கருப்பம்மாவின் மகள். ஒருமுறை ஒருத்தி தவறுதலாக அன்றைய வேலை முழுவதையும் அழித்துவிட்டாள். அதற்குப் பிறகு, கோப்பை அழிக்கும் கட்டளையை வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் சிவசக்தி தடுத்து வைத்தாள். 'எழுது' என்று பொருள்படும் 'ரைட்' என்ற கட்டளையை மட்டும் அவள் தொடவில்லை. அதைத் தட்டி எழுதினால், எழுதுவது இன்னொருத்தியின் திரையில் தோன்றும். வாய் திறக்க முடியாத பெண்கள் அதில்தான் பேசிக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலு மாதக் கர்ப்பிணியான காமிலாவுக்கு இரத்தம் போகத் தொடங்கியது. வேலை முடிந்ததும் போகலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த யோகமலர் அதை ஒவ்வொரு திரைக்கும் எழுதி அனுப்பினாள். கூடம் முழுவதும் எழுந்து நின்றது. கம்பெனி வேன் காமிலாவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போகும்வரை ஒருத்தியும் உட்காரவில்லை. தாய் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை.

மறுநாள் மேலாளர் சரவணமுத்து சிவசக்தியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். இனி யாரும் எந்தக் கட்டளையும் தட்டக் கூடாது, திரையில் அட்டைப் படிவம் மட்டுமே வர வேண்டும் என்றார். சேர்வரிலிருந்து காமிலாவின் கணக்கையும் நீக்கச் சொன்னார். அவளுக்கு இனி அங்கே வேலை இல்லை.

"இது கொழும்பிலயிருந்து வந்த உத்தரவு, பிள்ளை. என்ர கையில ஒண்டும் இல்லை."

"அழிக்கிற கட்டளைய நிப்பாட்டுனது நான்தாங்க சேர். அவங்க பாடு வீணாப் போயிரக்கூடாதுன்னு செஞ்சேன். இத நான் செய்ய மாட்டேன்."

சரவணமுத்து மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செய்யாவிட்டால் கொழும்பிலிருந்தே செய்துவிடுவார்கள் என்றார். அப்படியே ஆனது. மத்தியானத்துக்குள் சிவசக்தியின் கடவுச்சொல்லை சேர்வர் ஏற்க மறுத்தது. வேலையை விட்டுப் போகலாம், இல்லாவிட்டால் கூடத்தில் உட்கார்ந்து அட்டை ஏற்றலாம் என்று சொன்னார்கள். அவள் போய்க் காமிலாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

திரையில் படிவம் வந்தது. பழக்கத்தில் விரல்கள் யோகமலருக்கு எழுதத் தொடங்கின. எழுத்துகள் நோயாளர் பெயர் என்ற கட்டத்துக்குள் போய் விழுந்தன. அடுத்த கட்டம் வயதைக் கேட்டது.

சிவசக்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"காமிலாவ திரும்ப எடுக்கச் சொல்லிக் கேக்கப் போறேன். யாரெல்லாம் கூட வர்றீங்க?"

விசைச் சத்தம் நின்றது. யோகமலர்தான் முதலில் வந்தாள். பிறகு நாற்காலிகள் ஒவ்வொன்றாக இழுபட்டன. மேற்பார்வையாளர், பேசியது யாரென்று கேட்டார். நான்தான் என்றாள் சிவசக்தி.

அவர்கள் கண்ணாடி அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் சரவணமுத்து கதவை உள்ளே தாழிட்டுவிட்டு போனை எடுத்தார். அவர் வாய் அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்பது கேட்கவில்லை. பெண்கள் கண்ணாடியை ஒட்டி நின்றார்கள். முன்னால் நின்றவர்களின் மூச்சு பட்டு அது மெல்ல மெல்ல மங்கியது.