எடையின் பூர்வீகம்

எங்கள் பேப்பர்வெயிட்டில் கல் எங்களுடையது, எடை எங்களுடையது அல்ல என்பது சரிபார்ப்பின்போது தெரியவந்தது.

கிருஷ்ணகிரியில் கருங்கல்லை அறுத்து, மெருகேற்றி, அரசு அலுவலகங்களுக்குப் பேப்பர்வெயிட் செய்து தருகிறோம். முதலாளி முனிரத்தினம். பட்டறையில் பதினான்கு பேர். படிவங்களை நிரப்புவது நான். அரசுக்கு விற்கும் பொருளுக்குள் என்னென்ன இருக்கின்றன, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து வந்தது, அவர் நம்பத்தக்கவர்தானா என்பதை ஒன்பதாம் படிவத்தில் எழுதித் தர வேண்டும் என்று இந்த ஆண்டு விதி வந்தது. நான் கல், மெருகுப் பொடி, அடியில் ஒட்டும் பச்சைத் துணி, அட்டைப்பெட்டி என்று எழுதி, 'முதலியன' என்று முடித்திருந்தேன். இலக்கணம் அந்தச் சொல்லை அனுமதிக்கிறது. படிவம் அனுமதிப்பதில்லை.

சரிபார்ப்பு அலுவலர் ஹெப்சிபா நாகர்கோவில்காரர். எங்கள் கல் ஒன்றைக் கையில் வாங்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இந்த எடையைச் சப்ளை செய்வது யார் என்று கேட்டார்.

"அது கல்லோட தானா வருதும்மா" என்றார் முனிரத்தினம்.

"தானா வர்றதைத்தான் சார் நாங்க கவனமா பார்க்கச் சொல்றோம்."

விசாரித்ததில் எடை பூமியிடமிருந்து வருவது உறுதியானது. பூமியில் நம் நாட்டுக்கு அடியில் இருக்கும் பகுதி சிறியது. மீதி முழுவதும் அயல்நாடுகளின் அடியில் இருந்துகொண்டு எங்கள் கல்லை இழுக்கிறது. பௌர்ணமியன்று நிலாவும் தன் பக்கம் கொஞ்சம் இழுக்கிறது. நிலாவின் பங்கு மிகச் சிறியது என்று நான் சொல்லிப் பார்த்தேன். சிறியதானாலும் பங்குதானே என்றார் ஹெப்சிபா. நிலாவையும் படிவத்தில் எழுதினேன்.

நானூறு கற்கள் ஆடி முதல் தேதிக்குள் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை, கோப்புகள் பறந்து பார்த்திருக்கிறேன். தேதி தவறினால் சப்ளையர் பட்டியலிலிருந்து எங்கள் பெயரை நீக்கிவிடுவார்கள். எங்களிடம் கல் வாங்குபவர் வேறு யாரும் இல்லை. பட்டறையை மூட வேண்டியதுதான்.

முதலில் அயல் எடையைத் திருப்பி அனுப்பினோம். கற்களை மண்தரையில் பரப்பி, எடையைத் திருப்பி அனுப்புவதாக ஒரு கடிதமும் எழுதி வைத்தோம். ஆறாம் நாள் எடை முழுவதும் இறங்கிவிட்டது. கற்களைச் சாக்கில் கட்டி, சாக்கைத் தூணில் கட்டினோம்.

இனி, வந்த வழி தெரிந்த உள்நாட்டு எடை வேண்டும். பட்டறையில் எல்லோரிடமும் எடை இருந்தது, ஆனால் ஆதாரம் இல்லை. முனிரத்தினத்திடம் இருந்தது. அவர் மனைவி சின்னத்தாயி இருபது வருட மளிகை ரசீதுகளைக் கம்பியில் குத்தி வைத்திருந்தார். துவரம்பருப்பு எந்தக் கடை, நெய் எந்த ஊர், எல்லாம் அதில் இருந்தது. ஹெப்சிபா இரண்டு நாள் உட்கார்ந்து அவற்றைப் படித்து, முனிரத்தினத்தின் தொண்ணூற்றெட்டு கிலோவும் நம்பத்தக்கதே என்று கையெழுத்திட்டார்.

கல் ஒன்றுக்குக் கால் கிலோ. முனிரத்தினம் ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, ஒரு காபி குடிக்கும் நேரம் மூடியிருந்தார். கடைசி எட்டுக் கற்களுக்கு அவரிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. என் எடையில் இரண்டு கிலோவுக்கு மட்டும் ஆதாரமாக மெஸ் டோக்கன்கள் இருந்தன, அதை நான் கொடுத்தேன். பேன்ட் கொஞ்சம் தளர்ந்தது, அவ்வளவுதான்.

பழைய சரக்கில் சரிபார்ப்பில் தேறாத கற்கள் சில எடையோடு கிடந்தன. அவற்றைச் சட்டைப்பையிலும் வேட்டி மடிப்பிலும் போட்டுக்கொண்டு முனிரத்தினம் வழக்கம்போல நடமாடினார். வண்டி புறப்படும்போது சின்னத்தாயி என்னிடம் வந்தார்.

"முழுசா அனுப்பறேன். முழுசா கூட்டிக்கிட்டு வந்து விடணும்" என்றார்.

சரி என்றேன்.

மாவட்ட அலுவலக வாசலில் காவலர் நானூறு கற்களையும் எண்ணி உள்ளே விட்டார். பிறகு முனிரத்தினத்தின் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, சான்றில்லாத கற்களை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார். விதி அப்படித்தான். முனிரத்தினம் ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். நான் அவர் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன். ரசீதில் கையெழுத்திட இரண்டு கையும் வேண்டியிருந்ததால், உள்ளே போனதும் விட்டேன்.

அவர் நிதானமாக மேலே போய் உத்தரத்தை ஒட்டி நின்றார். கீழே ஹெப்சிபா ஜன்னல்களைத் திறக்கச் சொன்னார். ஆடிக்காற்று புகுந்தது. எங்கள் கல் வைத்த நானூறு கோப்புகளில் ஒன்றுகூட அசையவில்லை. 'திருப்தி' என்று எழுதி முத்திரை வைத்தார். எங்கள் பெயர் பட்டியலில் நின்றது.

சின்னத்தாயிக்குக் கொடுத்த வாக்கை நான் ஹெப்சிபாவிடம் சொன்னேன். கொடுத்த எடை அரசுச் சொத்து என்றார் அவர். புது எடையை முனிரத்தினம் சாப்பிட்டு ஏற்றிக்கொள்ளலாம், தடையில்லை. சாப்பாடு ரசீதோடு வர வேண்டும்.

மேலே அண்ணாந்து பார்த்துச் செய்தியைச் சொன்னேன். முனிரத்தினம் மகிழ்ச்சியாகவே இருந்தார். மெருகு மேலிருந்து பார்க்கும்போதுதான் நன்றாகத் தெரிகிறது என்றார்.

"சின்னத்தாயிகிட்ட களியும் கீரையும் கொடுத்தனுப்பச் சொல்லு. பில்லை மறந்துடப் போறா."

மறுநாள் மதியம் தூக்குச்சட்டியும் ரசீதும் வாசலில் தேறின. பியூன் ஒட்டடைக் கம்பில் மாட்டி மேலே நீட்டினார். விசிறிக்கு அந்தப் பக்கம், போன மாதம் நாற்காலி சப்ளை செய்தவர் உட்கார்ந்திருந்தார். அவர் கொஞ்சம் நகர்ந்து முனிரத்தினத்துக்கு இடம் விட்டு, இலையில் தண்ணீர் தெளித்தார்.