நடுவர்கள் தரைக்குள் இறங்கிய நன்றியுரை

“நான் ஏன் தோத்தேன்னு நீங்க மூணு பேரும் காரணம் சொல்லணும்” என்று, நன்றியுரை சொல்ல மேடையேறிய பெண் மைக்கில் கேட்டாள். நடுவர்களில் மூத்தவரான வரி அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு காரணம் சொன்னார். அது பொய்யாக இருந்ததால், உட்கார்ந்திருந்த நாற்காலியோடு முழங்கால் வரை சிமென்ட் தரைக்குள் இறங்கினார். சத்தம் வரவில்லை, விரிசல் விடவில்லை. சேற்றில் கால் வைத்தவர் போல உள்ளே போனார், அவ்வளவுதான். மேசைக்கு மேலே அவருடைய முகமும் மூக்குக் கண்ணாடியும் மட்டும் தெரிந்தன. தலைமை ஆசிரியர் ஓடிவந்து முதலில் செய்த காரியம், அவர் முன்னாலிருந்த டீக் கோப்பையை எடுத்துப் பத்திரமாக ஓரத்தில் வைத்தது.

அந்தப் பள்ளியின் சொற்போர் இறுதிச் சுற்றுக்கு ஒரு வழக்கம் உண்டு. தோற்றவர்தான் நடுவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெருந்தன்மை வளரும் என்று எந்தக் காலத்திலோ யாரோ ஆரம்பித்து வைத்தார்கள். பெருந்தன்மை வளர்ந்ததோ இல்லையோ, தோற்ற பிள்ளையின் வாயை அடைக்க அதைவிட நல்ல துணி அகப்படாது. வருஷா வருஷம் ஒரு பிள்ளை கண்ணீரை விழுங்கிக்கொண்டு “நடுநிலை தவறாத நடுவர் பெருமக்களே” என்று தொடங்கும், பெருமக்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்கள், கூட்டம் கலையும். இந்த வருஷம் அந்த இடத்தில் வந்து நின்றவளைப் பள்ளியில் எல்லோரும் ஸ்பீக்கர் என்று கூப்பிடுவார்கள். அவள் அம்மா ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் வேலை செய்தாள். பள்ளி விட்டதும் அங்கே போய்ப் படுக்கை விரிப்புகளை மடித்துக் கொடுத்து, சலவை இயந்திரங்களின் இரைச்சலுக்கு மேலே பேசிப் பேசியே மகளின் தொண்டை ஒலிபெருக்கி மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவள் வீட்டில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. கோப்பையை வென்றால் தலைநகரத்துக் கல்லூரி ஒன்று விடுதியோடு இடம் கொடுக்கும். தோற்றால் திங்கட்கிழமை முதல் அவளும் சலவைக் கூடம்தான். அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லி வைத்துவிட்டாள்.

நடுவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று தமிழ் டீச்சர் அவளுக்கு மாதக்கணக்கில் சொல்லிக்கொடுத்திருந்தார். கருத்து, குரல், நிற்கிற நிலை, மணியடிப்பதற்குள் முடிக்கிற பக்குவம். எல்லாவற்றுக்கும் மேலாக, எதிராளி சொன்னதைக் காதில் வாங்கி அதற்குப் பதில் சொல்வது. பதில் சொல்லாமல் விட்ட வாதம் ஒப்புக்கொண்ட வாதம், இந்த ஆட்டத்தின் சட்டமே அதுதான் என்பார். கடைசியாக இன்னொன்றும் சொல்லியிருந்தார். “ஜெயிச்சா தலை குனிஞ்சு வாங்கு, தோத்தா சிரிச்சுட்டே வாங்கு. ஏன்னு மட்டும் கேட்டுடாதே. நீ கேட்டுட்டுப் போயிடுவே, அடுத்த வருஷம் நம்ம பிள்ளைங்க ஒருத்தருக்கும் மார்க் விழாது.” ஸ்பீக்கர் தலையாட்டினாள். மேடையேறும் வரைக்கும் அந்தத் தலையாட்டல் உண்மையாகத்தான் இருந்தது.

தலைப்பு, பொதுத் தேர்வு வேண்டுமா வேண்டாமா என்பது. வேண்டாம் என்று பேச ஸ்பீக்கருக்குச் சீட்டு விழுந்தது, வேண்டும் என்று பேச ஊர் டாக்டரின் மகளுக்கு. ஸ்பீக்கர் பேசியபோது ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன, கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தை எழுந்து அவள் முடிக்கும் வரை அழாமல் கேட்டது. டாக்டர் மகள் சின்னக் குரலில், தரையைப் பார்த்தபடி பேசினாள். வரி அதிகாரி போனில் படம் பார்த்தார். கோப்பைக்குப் பணம் கொடுக்கிற ஜவுளிக்கடைக்காரர், டாக்டர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்து வைத்த துணிகளைப் பற்றித் தன் கணக்குப்பிள்ளையிடம் காதோரம் பேசினார். மூன்றாவது நடுவரான வக்கீலம்மா மட்டும் நேராக உட்கார்ந்திருந்தார். ஆனால் அவர் பார்த்ததெல்லாம் மற்ற இருவருடைய பேனாக்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்பதைத்தான். ஸ்பீக்கர் இதையெல்லாம் மேடையிலிருந்து பார்த்தாள். டாக்டர் மகள் ஜெயித்ததாக முடிவை அறிவித்ததும் நன்றி சொல்ல வாயைத் திறந்தாள். நன்றி வரவில்லை.

வரி அதிகாரி முதலில் சொன்ன காரணம், அவள் நேரத்தைத் தாண்டிவிட்டாள் என்பது. மணியடிக்கிற கணக்கு வாத்தியார் தன் மணியைத் தூக்கிப் பார்த்தார், அது அடிக்கப்படவேயில்லை. முழங்கால் வரை போன அதிகாரி பதறிப்போய் அடுத்ததைச் சொன்னார், உச்சரிப்பு சரியில்லை என்று. வயிறு வரை போனார், முகம் மேசைக்குக் கீழே மறைந்துவிட்டது. மேசையை நகர்த்தினார்கள். விளையாட்டு வாத்தியார் கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த கயிற்றை அவர் அக்குளில் கட்டி ஆறு பையன்களை விட்டு இழுக்கச் சொன்னார். சட்டைப் பொத்தான்கள் தெறித்ததுதான் மிச்சம். கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “யாரும் பயப்படாதீங்க, எனக்கெல்லாம் பயமே இல்ல” என்று சத்தம் போட்டார், உடனே கணுக்கால் வரை இறங்கினார். தரை எல்லோருக்கும் பொது என்பது அப்போதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. கணவன்மார் மனைவிமாரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பெற்றோர் பிள்ளைகளிடம் எதுவும் கேட்கவில்லை.

“இன்னும் ரெண்டு பேர் பாக்கி” என்றாள் ஸ்பீக்கர்.

பொய்யை வைத்துப் பிழைப்பு நடத்துகிற தொழிலாளியாயிற்றே, எங்கே கால் வழுக்கும் என்பது வக்கீலம்மாவுக்குத் தெரியும். நாற்காலியை விட்டு எழுந்து நின்று சொன்னார்: “நீ பேசினதையும் நான் கேக்கல, அந்தப் பொண்ணு பேசினதையும் கேக்கல. இவங்க ரெண்டு பேரும் யாருக்குப் போடறாங்கன்னு பார்த்து அதையே போட்டேன். தனியாப் போட்டா அடுத்த தடவை கூப்பிட மாட்டாங்க.” தரை அசையவில்லை. அவர் இரண்டு பாதங்களையும் மாறி மாறி ஊன்றிப் பார்த்தார், கெட்டியாக இருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பார்க்க வந்தவரைப் போல மிச்சத்தைப் பார்த்தார்.

ஜவுளிக்கடைக்காரர் விவரமானவர். காரணம் சொன்னால்தானே வம்பு. கையைக் கூப்பி, சிரித்த முகமாக, “நல்ல முயற்சிம்மா. ரொம்ப நல்லாப் பேசினே. இன்னும் வளரணும், வளருவே” என்றார். எல்லாக் கூட்டத்திலும் எல்லாப் பிள்ளைக்கும் அவர் சொல்கிற வாசகம் அது. ஒரே மூச்சில் மார்பு வரை போய்விட்டார். கூப்பிய கை தரைக்கு மேலே அப்படியே நின்றது.

தலைமை ஆசிரியருக்கு அப்போதுதான் யோசனை உதித்தது. டாக்டர் மகளின் கையிலிருந்த கோப்பையைப் பிடுங்காத குறையாக வாங்கி, மேடையேறி ஸ்பீக்கரிடம் நீட்டினார். “வாங்கிக்கம்மா. முடிவை மாத்திடலாம். உனக்கே கோப்பைன்னு எழுதிடறேன். காலேஜுக்கு இப்பவே போன் போடறேன். இவங்களை எழுப்பி விட்டுடு, உனக்குப் புண்ணியமாப் போகும்.” இரண்டாவது வரிசையிலிருந்து அம்மா எழுந்துவிட்டாள். சலவைச் சோடாவில் வெளுத்த விரல்களால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, “வாங்குடி, என்னடி பாக்கறே? கொடுக்கும்போது வாங்கணும்டி” என்றாள். கோப்பை ஸ்பீக்கரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. விடுதி, தலைநகரம், கட்டில், மேசை, படிப்பு, எல்லாம் அந்தத் தூரத்தில் இருந்தன. அவள் கை பாதி வரை போனது.

“நான் மூணாவதாச் சொன்னதுக்கு நீ பதிலே சொல்லலியே” என்றாள் டாக்டர் மகள்.

மைக் இல்லாமல் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. அவள் தரையைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஸ்பீக்கர் சுருக்கென்று திரும்பினாள். “சொன்னேன்” என்றாள். மேடையும் சிமென்ட்தான். அவள் வலது கால் கணுக்கால் வரை உள்ளே போனது. குளிர்ச்சியாக இருந்தது. ஈர விரிப்பைச் சுற்றிப் பிழிகிற மாதிரி அது பாதத்தைப் பிடித்தது. தமிழ் டீச்சர் திரைச்சீலையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

டாக்டர் மகளின் மூன்றாவது வாதம் இது: பள்ளிக்குள்ளேயே மார்க் போட்டால், போடுகிறவருக்குப் பிடித்த பிள்ளைக்கு மார்க் விழும். பொதுத் தேர்வுத் தாளில் பேர் இல்லை, எண் மட்டும்தான் இருக்கிறது. அந்தத் தாளைத் திருத்துகிறவருக்கு அது யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. கேட்டபோதே ஸ்பீக்கருக்குத் தெரிந்தது, இதற்குத் தன்னிடம் பதில் இல்லை என்று. பேர் இல்லாத தாள் ஒன்றுதான் பிறந்ததிலிருந்து அவளுக்கு ஒழுங்காக மார்க் போட்டிருந்தது. அதை எதிர்த்து எதைச் சொன்னாலும் வாய் கூசும். அதனால் அந்த இடத்தை ஒரு பழமொழியாலும் கைதட்டலாலும் தாண்டி ஓடிவிட்டாள். ஓடியதை நடுவர்கள் மூவரில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அவளைத் தோற்கடிக்க ஒரு நியாயமான காரணம் நடு மேடையில் கேட்பாரற்றுக் கிடந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அவர்களுக்கு முதுகு வளையவில்லை.

“சொல்லல” என்றாள் ஸ்பீக்கர். “பதில் தெரியல, விட்டுட்டேன். நான் தோத்துட்டேன்.” தரை அவள் காலைத் திருப்பிக் கொடுத்தது. செருப்பைக் கொடுக்கவில்லை. அவள் கோப்பையைத் தலைமை ஆசிரியர் கையிலிருந்து வாங்கி டாக்டர் மகளிடம் கொடுத்தாள். “நீதான் ஜெயிச்சே. ஆனா அது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இவங்களுக்குத் தெரியாது.” டாக்டர் மகள், “எனக்கே இப்பதான் தெரியும். அப்பா பேரால கொடுத்தாங்கன்னு நெனச்சேன்” என்றாள். அவள் நின்ற இடமும் அசையவில்லை.

இதைக் கேட்டதும் வரி அதிகாரி தரையிலிருந்து குரல் கொடுத்தார். “நீ என்னை அதட்டற மாதிரிப் பேசினே. உன் மாதிரி வீட்டுப் பொண்ணு என்னை அதட்டறதான்னு இருந்துச்சு. அதான் போடல.” அசிங்கமான காரணம், ஆனால் உண்மை. நாற்காலியோடு மேலே வந்தார். பொத்தான் இல்லாத சட்டையைக் கையால் பிடித்துக்கொண்டு பக்கவாட்டு வாசல் வழியாகப் போனவர், பிறகு எந்தப் போட்டிக்கும் நடுவராக வரவில்லை. ஜவுளிக்கடைக்காரரிடம் எல்லோரும் கெஞ்சிப் பார்த்தார்கள். “உள்ளதைச் சொல்லுங்கய்யா, டாக்டர் வீட்டு வியாபாரம்தானே, எங்களுக்கும் தெரியும்” என்று கணக்குப்பிள்ளையே சொல்லிவிட்டார். அவர் கையைக் கூப்பியபடி, “எல்லாரும் நல்லாப் பேசினாங்க” என்றார். கழுத்து வரை போனார். அங்கேயே இருந்துவிட்டார். ஹாலைப் பெருக்குகிறவள் அவரைச் சுற்றிப் பெருக்கப் பழகினாள், மழைக்காலத்தில் கூரை ஒழுகும்போது தலைக்கு மேல் குடை விரித்து வைத்தாள். கடையை மருமகன் பார்த்துக்கொண்டார், விலைப்பட்டியலைத் தினமும் காலையில் வந்து படித்துக் காட்டினார். அடுத்த வருஷம் சொற்போர் நடந்தபோது நடுவர்கள் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. போனைத் தொடவில்லை, ஒவ்வொரு வாதத்தையும் கேட்டார்கள், முடிவில் ஒவ்வொருவராக எழுந்து, தரையைப் பார்த்தபடி, காரணம் சொன்னார்கள். தமிழ் டீச்சரின் பிள்ளைகளுக்கு மார்க் விழுந்தது. நன்றியுரை வழக்கம் தானாக நின்றுபோனது. வெளியூர்க்காரர்கள் யாராவது இந்தத் தலை யாருடையது என்று கேட்டால், பழைய நடுவர் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

அதெல்லாம் பிறகு. அன்று பிற்பகல் ஸ்பீக்கர் மிஞ்சிய ஒற்றைச் செருப்பையும் கழற்றி மேடையிலேயே விட்டுவிட்டுப் படியிறங்கினாள். தலைமை ஆசிரியர், “ஒரு நன்றியாவது சொல்லிட்டுப் போம்மா” என்றார். “வரலை சார், பொய் சொன்னா உள்ள போயிடுவேன்” என்றாள். அம்மா நாற்காலிகளை இடித்துக்கொண்டு குறுக்கே வந்தாள். “கையில வந்ததைத் தூக்கிக் கொடுத்துட்டியே பாவி. பெரிய டாக்டருங்க விரிப்பை மூஞ்சியில எறிஞ்சாக்கூட நான் ஏன்னு கேட்டதில்லடி. திங்கக்கிழமை சூப்பர்வைசருக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“நான் வரமாட்டேன்னு சொல்லும்மா. எழுதின பொதுத் தேர்வு மார்க் வரட்டும். எந்த ஊர்ல எடம் தர்றாங்களோ அந்த ஊருக்குப் போறேன். தங்க எடம் இல்லேன்னா தேடிக்கறேன்.”

“பைத்தியமாடி உனக்கு?”

ஸ்பீக்கர் நிற்கவில்லை. வெறுங்காலோடு, வரிசைகளுக்கு நடுவே, யாரையும் பார்க்காமல் வாசலை நோக்கி நடந்தாள். ஆட்கள் முழங்காலை ஒடுக்கி வழிவிட்டார்கள். அம்மா இருந்த இடத்திலேயே நின்று, சூப்பர்வைசரிடம் சொல்ல வேண்டியதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்: “எம் பொண்ணு வரமாட்டா.” குனிந்து தன் காலைப் பார்த்தாள். தரை கல்லாக நின்றது. நிமிர்ந்தபோது மகள் வாசலைத் தாண்டி வெயிலுக்குள் போய்விட்டிருந்தாள்.