பிரியாத பதினேழு

போன் மணி அடித்தபோது அவள் கையில் பாதி மடித்த பாராசூட் இருந்தது.

மேற்பார்வையாளர் எடுத்தார். "சரி... சரி..." என்றார். வைத்தார். நீண்ட மேசையின் இருபுறமும் ஒரு பெண்ணின் கைகூட அசையவில்லை.

"காலையில பயிற்சிக்குப் போன குண்டுவீச்சு விமானம் விழுந்துடுச்சு. நாலு பேர்ல மூணு பேர் குதிச்சுத் தப்பிச்சிட்டாங்க. ஒருத்தர் போயிட்டார்."

அந்த நால்வரில் அவள் தம்பியும் ஒருவன். வால்பக்கம் உட்கார்ந்து துப்பாக்கி பிடிப்பவன்.

"யாரு சார் போனது?"

"பேர் சொல்லலைம்மா. எரியாத வால்பக்கத்துல ஒரு பாராசூட் பை பிரிக்காமக் கிடந்துச்சாம்." அவர் குரல் இறங்கியது. "நம்பர் பதினேழு."

ஒவ்வொரு பைக்கும் ஒரு சீட்டு உண்டு. மடித்தவள் கையெழுத்து, வாங்கியவன் கையெழுத்து. பதினேழின் சீட்டில் இரண்டும் ஒரே வீட்டுக் கையெழுத்து: அவளுடையது, தம்பியுடையது.

பை பிரியவில்லை. அப்படியென்றால் அவன் குதிக்கவில்லை. வேறு அர்த்தம் கிடையாது.

"தண்ணி குடிடி" என்றாள் பக்கத்தில் மடிப்பவள்.

"தப்பிச்சவங்களை ஏத்திட்டு வர்ற லாரி எப்ப வரும்?" என்று மட்டும் அவள் கேட்டாள்.

மத்தியானம் வந்தது. முதலில் ஒருவன் நொண்டியபடி இறங்கினான். இரண்டாமவனைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். மூன்றாவதாக இறங்கியவனுக்குப் புருவம் கருகியிருந்தது, காலில் ஒற்றை பூட்ஸ்.

தம்பி!

கட்டிக்கொள்ள ஓடியவள், முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எருமை! என் பையை விட்டுட்டு எதைக் கட்டிக்கிட்டுக் குதிச்ச?"

"ஐயோ, அடிக்காதேக்கா! நெருப்புக்குத் தப்பிச்சவன் உன் கையால சாகணுமா?" சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "கதை பேசலாம்னு முன்னால போயிருந்தேன். விமானத்தோட நடுவுல தீ பிடிச்சிடுச்சு. பை பின்னால மாட்டிக்கிச்சு. கேப்டன் தன் பையைத் தூக்கி என் மேல எறிஞ்சார்."

"அவரு?"

"'உனக்கு ஓட்டத் தெரியாது, எனக்குத் தெரியும். குதிடா'ன்னார். விமானத்தை வீடுங்க மேல விழாம வயல் பக்கமாத் திருப்பிக்கிட்டே போனார்."

அவள் அவன் சட்டையில் ஒட்டியிருந்த சாம்பலைத் தட்டிவிட்டாள்.

"அவர் வீட்டுக்குச் சொல்லியாச்சா?"

"இல்ல. நான்தான் போகணும்."

"நானும் வரேன். முதல்ல மூஞ்சியைக் கழுவு."

அவளும் குழாயடியில் குனிந்தாள். கண்ணீர் நிற்கவில்லை. அதில் முக்கால்வாசி சந்தோஷம். அந்த வீட்டு வாசலை மிதிப்பதற்குள் அதைத் துடைத்தாக வேண்டும்.