சர்பத் கடை மலையம்மாளும் வராத டிவியும்

1

கடன் வாங்குவதைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லி ஒரு சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கேட்டார்கள். 'கடன் என்பது' என்று தொடங்கினேன். அதற்கு மேல் ஓடவில்லை. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டு மலையம்மாளிடம் போகிறேன்.

2

1986, புரட்டாசி. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் அவளுக்குச் சர்பத் கடை. கோடை முழுக்க நல்ல ஓட்டம். டவுனில் ஒரு கடையில் தவணை அட்டை போட்டு மின்விசிறி வாங்கி, மாசம் தவறாமல் கட்டி முடித்திருந்தாள். அதே அட்டைக்கு இப்போது டிவியே தருகிறார்களாம். புருஷன் சின்னான் முந்திக்கொண்டு தெருவெல்லாம் சொல்லிவிட்டான்: "வெள்ளிக்கிழமை நம்ம வீட்டுல டிவியில பாட்டு. எல்லாரும் வந்துருங்க!"

3

"அட்டை இருக்கையில என்னக்கா யோசனை? தூக்கிட்டுப் போங்க," என்றான் அந்த வெள்ளிக்கிழமை டவுன் கடைச் சிப்பந்தி யூனுஸ்.

"ஐப்பசி மழையில எவன் தம்பி சர்பத் குடிப்பான்? ஒரு மாசம் கட்டலேன்னா?"

(யூனுஸை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். 'அவன் கண்களில் ஒரு தந்திர' என்றுகூட எழுதினேன். அவன் ஒத்துழைக்கவில்லை.)

யூனுஸ் உள்ளே முதலாளி இருக்கும் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அபராதம் போடுவாங்கக்கா. அதுக்கும் வட்டி. அப்பவும் கட்டலேன்னா டிவியத் தூக்கிருவாங்க. கட்டுனது போனதுதான்."

மலையம்மாள் அட்டையை முந்தானையில் முடிந்தாள். "அப்பச் சித்திரையில வாரேன் தம்பி."

4

கடை வாசலில் காத்திருந்த சின்னானுக்கு அழுகையே வந்துவிட்டது. "தெருவுக்கே சொல்லிட்டனே புள்ள! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"இருக்கிற மூஞ்சிதான். வா, படம் பாத்துட்டுப் போவோம்."

முன்பணத்துக்கென்று கொண்டுவந்ததில் இரண்டு டிக்கெட்டுக்கு மட்டும் எடுத்தாள். மிச்சம் மழைக்காலத்துக்கு.

பொழுது சாயத் திரும்பினால், வீடு கொள்ளாத கூட்டம். முன்வரிசையில் பாய் விரித்துப் பக்கத்து வீட்டு அன்னக்கொடி. மலையம்மாள் மென்று முழுங்காமல் சொன்னாள்: "டிவி வாங்கல. மழைக்காலத்துல எங்களால தவணை கட்ட முடியாது."

"அப்பப் பாட்டு?" என்றாள் அன்னக்கொடி.

சின்னான் சட்டென்று, டிவிக்காக ஒழித்து வைத்திருந்த மேசைமேல் ஏறிவிட்டான். பார்த்துவிட்டு வந்த படத்தின் சண்டையை அவனே அடித்து அவனே விழுந்து காட்டினான். துண்டை முக்காடு போட்டுக் கதாநாயகியாக ஆடினான்.

"சத்தம் பத்தல!" என்று அன்னக்கொடி எழுந்து போய் அவன் காதைத் திருக, அவன் இன்னும் ஓங்கிப் பாட, மலையம்மாள் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

5

சித்திரையில் அவள் டிவி வாங்கினாளா? அட்டையிலா, ரொக்கத்திலா? இரண்டு முடிவு எழுதி, இரண்டையும் கிழித்துவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். என்னைத் தேடாதீர்கள். அன்னக்கொடி பாயில் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கிறாள். அடுத்த பாட்டு ஆரம்பிக்கப் போகிறது.