நடுத்துண்டின் ஈரம்

இருபத்தாறு மணி நேரம் மின்னடுப்பில் காய்ந்த மரத்துண்டு ஐம்பது கிராமில் நின்றது. கடைசி மூன்று எடையும் ஒன்றேதான். உள்ளே வைத்தபோது அறுபத்தொன்று. அப்படியானால் காய்ந்த எடையின் கணக்கில் ஈரம் இருபத்திரண்டு சதவீதம்.

வெளியே லாரியில் பன்னிரண்டு தோட்ட பெஞ்சுகள் ஏறிக்கொண்டிருந்தன, மழலையர் பள்ளிக்கு. இந்தத் துண்டு வந்த அதே கட்டு மரத்தில் செய்தவை. மாதிரிக்கென்று முன்பே அங்கே போன பெஞ்சு, முந்தாநாள் கால் பிளந்து திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மிச்ச மரம் ஒன்றின் நடுவிலிருந்து இந்தத் துண்டை நானே அறுத்தெடுத்தேன்.

நான் போய் லாரிக்கு முன்னால் நின்றேன். பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டிருந்த மேஸ்திரியை எல்லோரும் ‘ரம்பம்’ என்பார்கள். அவர் அறுப்பது மரத்தை மட்டுமல்ல.

“அண்ணே, ஏத்தாதீங்க.”

“அட, நீயே வாயத் திறந்துட்டியா? இன்னிக்கு மழைதான்.”

“கால் பிளந்துடும்ணே.”

“மரம்னா வெடிக்கத்தான் செய்யும். அது இயற்கைன்னு சீட்டுல எழுதினதே நீதானே?”

நான்தான். பெஞ்சோடு போகும் சீட்டு அது: வெயிலில் நிறம் சாம்பலாகும், கணுவில் பிசின் கசியும், ரேகையோடு மெல்லிய வெடிப்பு விழும், மழைக்காலத்தில் அதுவே மூடிக்கொள்ளும்.

“அது மேலோட்டமா விழுற வெடிப்பு. இது மூட்டுக்குள்ளயே போயிருக்கு. ஈர மரத்துல மூட்டுப் போட்டா, காயக் காயச் சுருங்கி இழுக்கும். சின்னப் பிள்ளைங்க உக்காரப் போறாங்க.”

சத்தம் கேட்டு முதலாளியம்மா வந்தார். அடுப்புக் கணக்கைச் சொன்னேன். லாரிக்கு முன்னாலிருந்து நகரவில்லை.

“அடுப்பு கெட்டிருக்கும்மா,” என்றார் ரம்பம். “நேத்து என் சோறையே அது சூடு பண்ணல.”

“அதுல சோறு வைக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?” முதலாளியம்மா என் பக்கம் திரும்பினார். “நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்குறாங்க. ஈரம் பன்னெண்டுன்னு கையெழுத்துப் போட்டதும் நீ, இருபத்திரண்டுங்கிறதும் நீ. நான் எதை நம்புறது?”

ரம்பம் அடுத்த பெஞ்சைத் தூக்கினார். நான் அதன் மறுமுனையைப் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

“என் கையெழுத்த நம்பாதீங்கம்மா. கட்டுக்கு ஒரு மரம் நடுவுல அறுத்து, உள்ள ஈரம் பாக்கணும். அன்னிக்கு நான் பாக்கல.”

“ஏன்?”

“அண்ணன்கிட்ட ஒரு மரம் அறுத்துக் குடுங்கன்னு கேக்க கூச்சமா இருந்துச்சு. ஈரம் காட்டுற மீட்டர மேலாக மட்டும் வெச்சு, பன்னெண்டு காட்டினதப் பாத்துட்டு, கையெழுத்துப் போட்டுட்டேன்.”