விரிசல் நகரவில்லை

நான்காவது தூணிலிருந்து ஐந்தாவது தூண் வரை வேலை முடிந்துவிட்டது. பழைய பெயிண்ட்டை மணல் வீசிச் சுரண்டி எடுத்து, புதுச் சாம்பல் நிறம் அடித்திருந்தார்கள். ஒரே ஒரு இரும்பு உத்தரத்தில் மட்டும், ஒரு தலையணை அளவுக்குப் பழைய பச்சை அப்படியே இருந்தது.

"அண்ணி, நாளைக்குச் சாரம் பிரிக்கணும்," என்றான் கொழுந்தன். பெயிண்ட் ஆட்களுக்கு அவன்தான் மேஸ்திரி. "பாலம் புதுசு உடுத்திக்கிட்டு நிக்குது, இங்க மட்டும் ஒட்டுத்துணி. பாக்கறவன் என்னைத்தான் சிரிப்பான்."

"இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன்."

"மூணு வாரமா இதையேதான் சொல்றீங்க. எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு."

பாலத்தின் இந்தப் பகுதியைச் சோதித்து, சரி என்று எழுதிக் கொடுக்க வேண்டியவள் அவள். அவளுக்கு முன் அந்த வேலையைச் செய்தவர் அவள் கணவர்.

பாலத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. கட்டியவர்கள் அந்தக் காலத்து லாரிகளுக்குக் கணக்குப் போட்டார்கள். பிறகு லாரிகள் பெருத்தன. பக்கவாட்டில் இன்னொரு தடம் சேர்த்தார்கள். அப்போது வெல்டிங் வைத்த இடங்களில்தான் விரிசல்கள் தலைகாட்டின. அந்தப் பச்சையில் இருந்தது அப்படி ஒன்று. அதன் முனையில் கணவர் வெள்ளையில் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் தேதி எழுதியிருந்தார். அடுத்த முறை விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் வளர்கிறது என்று அர்த்தம். அதை எழுதிய மூன்றாம் நாள், ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

வீட்டில் அவர் கையெழுத்து என்று ஒன்றும் கிடையாது. மளிகைச் சாமான் பட்டியலைக்கூடக் கைப்பேசியில் அனுப்புகிற மனிதர்.

விரிசலைச் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் பெயிண்ட்டைக் கரைத்தெடுத்து, சிவப்பு மை பூசித் துடைத்து, வெள்ளைப் பொடி தூவ வேண்டும். உள்ளே இறங்கிய மை நூல் மாதிரி வெளியே வரும். ஆனால் எழுத்து போய்விடும். அதனால் அவர் போன பிறகு நடந்த மூன்று சோதனைகளிலும் அவள் லென்ஸ் வைத்துப் பார்த்தாள். பெயிண்ட் வெடிக்கவில்லை. 'விரிசல் நகரவில்லை' என்று எழுதினாள். பொய் எழுதுகிறோம் என்று ஒருமுறைகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"போட்டோ எடுத்து வெச்சிருக்கீங்கல்ல?" என்றான் கொழுந்தன், குரலைத் தாழ்த்தி.

"அறுபது இருக்கும்."

"அப்புறம் என்ன அண்ணி?"

"அது போட்டோ, தம்பி."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அண்ணன் இருந்திருந்தா நம்ம ரெண்டு பேரையும் வாங்கு வாங்குன்னு வாங்கியிருப்பாரு. வேலையில அவருக்குத் தம்பியும் கிடையாது, பொண்டாட்டியும் கிடையாது."

அது உண்மை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. "பெயிண்ட் கரைக்கிற திரவத்தை எடு," என்றாள்.

அவளே துடைத்தாள். வெள்ளையும் பச்சையும் குழைந்து துணியில் ஏறின. தேதியின் கடைசி எண் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது. பிறகு அதுவும் போனது. துணிக்காகக் கொழுந்தன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

மை பூசி, துடைத்து, பொடி தூவிக் காத்திருந்தார்கள். சிவப்பு நூல் மெல்லத் தெரிந்தது. பழைய முனையின் அளவு பதிவேட்டில் இருந்தது. டேப் பிடித்துப் பார்த்தாள். நூல் அங்கே நிற்கவில்லை. நான்கு விரல் தாண்டிப் போயிருந்தது.

தலைக்கு மேலே ஒரு லாரி போனது. உத்தரம் அதிர்வதை அவள் உள்ளங்கை உணர்ந்தது.

பொறியாளருக்கு அவள்தான் போன் செய்தாள். "வெளித்தடத்தை உடனே மூடணும் சார்."

அரைமணியில் அவர் சாரத்தில் இறங்கி வந்தார். நூலைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார். "மூணு தடவை நகரலைன்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

"மை போட்டுப் பாக்கல சார்."

"ஏன்?"

கொழுந்தன் முந்திக்கொண்டு, "சார், சாரம் அப்போ..." என்று ஆரம்பித்தான்.

"நீ சும்மா இரு, தம்பி." அவள் பொறியாளரைப் பார்த்தாள். "அங்க அவர் எழுத்து இருந்துச்சு. அழிக்க மனசு வரல."

பொறியாளர் பதிவேட்டை மூடினார். அவருக்கும் கணவரைத் தெரியும். "நடந்ததை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க," என்றார். "இந்தப் பகுதியை இனிமே வேற ஒருத்தர் பாக்கட்டும்."

"சரி சார்."

புது முனையைக் குறித்துத் தேதி போட்டாள். பழைய முனையையும் குறித்தாக வேண்டும். அப்போதுதான் எவ்வளவு வளர்ந்தது என்று அடுத்து வருகிறவருக்குப் புரியும்.

"நான் எழுதட்டுமா அண்ணி?"

"வேண்டாம்."

கணவர் எழுதிய அதே இடத்தில், அதே தேதியைத் தன் கையால் எழுதினாள். உருண்டையான, சின்ன எண்கள். அவருடையதைப் போல ஒன்றுகூட இல்லை.

விரிசலை நிறுத்த முனையில் துளை போடும் ஆள் இயந்திரத்தோடு வந்து நின்றான். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா," என்றான்.

அவள் தள்ளி நின்றாள்.