ஆஸ்பத்திரி மரத்துச் சிலந்தி

"என் சிலந்தி எங்கப்பா?"

"எங்கயும் போகல. குப்பிலதான் இருக்கு."

"அதோட பேரைக் கேக்கறேன். என் பேரை எடுத்துட்டீங்களாமே, அக்கா சொன்னா."

"வேணும்னேவா எடுத்தேன் வாலு? அதுக்கு ஏற்கெனவே ஒரு பேரு இருந்திருக்கு. நீ பொறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே யாரோ ஒருத்தர் வச்சுட்டுப் போயிருக்காரு. முதல்ல வச்ச பேருதான் நிக்கும். அதுதான் சட்டம்."

"ஏற்கெனவே பேரு இருக்குன்னு யாரு கண்டுபிடிச்சது?"

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான்தான்."

பள்ளிச் சீருடையோடு நின்று கேட்ட அந்தப் பதில், இத்தனை வருஷம் கழித்து, அப்பாவுக்குச் சட்டை போட்டுவிடும்போது சின்னவளுக்கு நினைவு வந்தது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். எடுத்துப்போகிற வண்டி மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றார்கள். அக்கா அந்தப் பக்கம் தோளைத் தாங்கிக்கொண்டிருக்க, இவள் பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"மேல் பொத்தான் வேணாம்டி" என்றாள் அம்மா, கட்டில் ஓரத்திலிருந்து. "கழுத்தை இறுக்கினா அவருக்கு ஆகாது."

சின்னவள் கையை எடுத்துக்கொண்டாள்.

அப்பா கல்லூரியில் விலங்கியல் நடத்தினார். அது சம்பளத்துக்கு. மற்ற நேரமெல்லாம் சிலந்திதான். ஊரில் எல்லார் வீட்டிலும் ஒட்டடை அடிப்பார்கள். இந்த வீட்டில் அதற்கு அனுமதி வாங்க வேண்டும். துடைப்பத்தை உயர்த்தினால் போதும், "அந்த மூலைல ஒருத்தி முட்டை வச்சிருக்கா, பத்து நாள் பொறு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். "என் பிரசவத்துக்குக்கூட இவ்வளவு கவலைப்படல மனுஷன்" என்பாள் அம்மா. தைலக் குப்பி, மருந்துக் குப்பி எது காலியானாலும் மறுநாள் பதப்படுத்துகிற எரிசாராய நாற்றத்தோடு அவர் அலமாரியில் இருக்கும், உள்ளே எட்டுக் கால்களோடு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவும் தங்கையும் அவருக்கு இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். நுண்ணோக்கியில் முறை வைத்துப் பார்ப்பார்கள். புதிதாக ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கிறவர், அந்த இனத்துக்கு அடையாளமாக ஒரு சிலந்தியைப் பத்திரமாக எடுத்துவைத்தாக வேண்டும் என்று அப்பா சொல்வார். "பேரு அந்த ஒண்ணு மேலதான் உக்காந்திருக்கும். உலகத்துல எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் அந்தக் குப்பியைத் திறந்துதான் பாக்கணும்." அக்கா பெயரில் ஒரு சிலந்தி இருந்தது, பச்சை நிறத்தில், இலைக்கடியில் வாழ்வது. சின்னவள் பெயரில் ஒன்று இருந்தது, மரப்பட்டை நிறத்தில்.

அவள் பிறந்த அன்று அம்மா உள்ளே வலியில் கிடக்க, அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நடந்துகொண்டிருந்தார். நடந்தவர் சும்மா நடக்கவில்லை. வாசல் மரத்தின் பட்டையில் ஒட்டிக்கொண்டிருந்த பெண் சிலந்தி ஒன்றை, அம்மாவுக்கென்று வாங்கிய மருந்தைக் கீழே கொட்டிவிட்டு அந்தக் குப்பியில் பிடித்தார். "உன் மூஞ்சியைப் பாக்கறதுக்கு முன்னாடி அது மூஞ்சியைத்தான் பாத்தாரு" என்று அம்மா சொல்லாத பிறந்தநாள் இல்லை. அப்படி ஒன்றை அதுவரை யாரும் எழுதியிருக்கவில்லை. அப்பா அதற்கு மகளின் பெயரை வைத்தார்.

அவள் ஒன்பதாவது படிக்கும்போது அதே மரத்தில் ஓர் ஆண் சிலந்தி கிடைத்தது. அந்த வகை ஆணை மட்டும் நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ பார்த்து எழுதி, பெயரும் வைத்திருந்தார். சிலந்திகளில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால் ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிற தவறு. ஒரே மரம், ஒரே பட்டை, கால்களில் ஒரே மாதிரி வரி. இரண்டும் ஒரே இனம்தான், பெண்ணுக்கு வேறு பெயர் வைத்தது தன் தவறு என்று அப்பாவே கட்டுரை எழுதி அனுப்பினார். சின்னவளின் பெயர் அடிபட்டுப் போயிற்று.

"புருஷனுக்கு ஒரு பேரு, பொண்டாட்டிக்கு ஒரு பேரு இருந்தா என்ன குடி முழுகிப்போச்சு?" என்று அம்மா கேட்டாள். "நமக்கெல்லாம் இல்லையா?"

வீடே சிரித்தது. சின்னவள் மட்டும் சாப்பிடாமல் தூங்கினாள்.

அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. படித்தாள், கல்யாணம் செய்துகொண்டாள், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தாள். நாள் முழுக்க வருகிறவர்களிடம் "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா, அவசரமில்ல, இன்னொரு தடவை பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. போன வருஷம் அப்பாவுக்கும் அவள்தான் கண்ணாடி மாற்றிக் கொடுத்தாள். தாடையைக் கருவியில் வைத்துக்கொண்டு, நல்ல பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இப்ப நல்லாத் தெரியுதாப்பா?"

"ஜோராத் தெரியுது."

"அப்ப அந்தக் குப்பியை..."

"அப்ப என்ன?"

"ஒண்ணுமில்ல. அசையாம இருங்க."

மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. கூடத்தில் அக்கா யாரிடமோ அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தாள்: "என் பேரை ஒரு சிலந்திக்கு வச்சாருங்க எங்கப்பா. இன்னிக்கும் அந்தப் பேர்தான்." சின்னவள் தேநீர் போடுகிற சாக்கில் சமையலறைக்குள் போனாள்.

பின்னாலேயே பூதக்கண்ணாடி வந்தார். அப்பாவின் பழைய மாணவர். எப்போதும் கழுத்தில் ஓர் உருப்பெருக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்ததால் அக்காவும் தங்கையும் வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். இப்போது தலை வெளுத்து, அருங்காட்சியகத்தில் சிலந்திப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தார்.

"ஒரு வாய் தண்ணி குடு வாலு. வெயில் கொளுத்துது."

கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"சாரோட குப்பியெல்லாம் மியூசியத்துல பத்திரமா இருக்கு. உன்னோடதும் இருக்கு."

"என்னோடது எங்கண்ணா? பேரே இல்லையே."

"பேரு சாகாது. இந்தத் தொழில்ல ஒரு தடவை வச்ச பேரு தூங்கும், அவ்வளவுதான். அந்த ஆணும் பெண்ணும் வேறவேற இனம்னு யாராவது காட்டினா அன்னிக்கே எழுந்து உக்காந்துக்கும்."

"அப்பாதான் ஒரு தடவை பாத்ததும் எழுதி முடிச்சுட்டாரே" என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கூர்மையாக வந்தது.

"ஒரு தடவையா?" பூதக்கண்ணாடி அவளை நிமிர்ந்து பார்த்தார். "வருஷா வருஷம் வருவாரும்மா. வந்ததும் வராததுமா அந்தக் குப்பியைத்தான் கேப்பாரு. மணிக்கணக்கா பாப்பாரு, மூடி வச்சிருவாரு. சந்தேகமா சார்னு ஒரு நாள் கேட்டுட்டேன். ஆமான்னாரு."

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

"அப்ப ஏன் திருத்தி எழுதல?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'வேறன்னு வரணும்னு எனக்கு ஆசையா இருக்குடா. ஆசை வச்ச கண்ணை மைக்ரோஸ்கோப்ல வைக்கக் கூடாது. பாக்கறது என் பொண்ணையா, சிலந்தியையான்னு எனக்கே தெரியல'ன்னாரு. நான் பாக்கறேன் சார்னேன். 'நீ பாத்தா எனக்காகப் பாப்ப, வேணாம்'னுட்டாரு. மறு வருஷம் திரும்ப வந்து அதே குப்பியைக் கேட்டாரு."

கூடத்தில் நாற்காலிகளை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அம்மா யாரிடமோ, அவர் சட்டையைச் சரியாக இழுத்துவிடச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சின்னவள் தேநீரை வடிகட்டினாள். ஒரு டம்ளர் நிறைந்தது, அடுத்தது நிறைந்தது, மூன்றாவதில் பாதியிலேயே நிறுத்தினாள்.

"இப்ப அதை எப்படிப் பாப்பாங்கண்ணா?"

"இப்பல்லாம் சுலபம். அந்த மரம் இன்னும் நிக்குது. புதுசா ஒரு ஆணும் ஒரு பெண்ணும் பிடிச்சு, ஆளுக்கு ஒரு கால் சோதனைக்குக் குடுத்தாப் போதும். மரபணுவைப் பாத்துச் சொல்லிருவாங்க. அப்புறம் பழைய குப்பியோட ஒப்பிட்டுப் பாக்கணும்."

அவள் வடிகட்டியைக் கீழே வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கூடத்திலிருந்து "வாலு, வண்டி வந்துருச்சுடி" என்று அக்கா கூப்பிட்டாள். "வர்றேன்" என்று திரும்பிச் சொன்னாள். ஆனால் நகரவில்லை.

"அண்ணா, அதை இன்னொரு தடவை பாக்கறீங்களா?" என்றாள். "ஒண்ணுதான்னு வந்தா ஒண்ணுதான்னே எழுதுங்க. ஆனா பாருங்க."